ஒரு கடவுத்தொடரும் பல வட்டுப்பகுதிகளும்

வட்டு மறையாக்கம் என்பது, கணினியின் வட்டில் பதியும் தரவு முழுவதையும், திறவி உடையவர் மட்டுமே படிக்கத்தக்க உருவில் எழுதிவைக்கும் முறையாகும். எழுதும்போது மறைத்தலும் படிக்கும்போது மறைநீக்கலும் இயங்குதளத்தின் உட்கருவிலேயே நிகழ்ந்துவிடுவதால், உரியவர் கண்ணுக்குக் கோப்புகள் எப்போதும்போலவே தோன்றும். அதே வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டிப் பார்ப்பவருக்கோ ஒழுங்கின் சுவடே இல்லாத எண்களின் நிரை மட்டுமே கிடைக்கும். இம்முறை காப்பது அணைந்திருக்கும் கணினியை. இயங்கும் கணினியின் நினைவகத்தில் திறவி இருந்தே தீர வேண்டும் ஆதலால், அந்நிலையில் உள்நுழையும் தீநிரலையோ, திறந்த திரையின் முன் வந்தமரும் அயலாரையோ இது தடுக்காது. காப்பின் எல்லை எது என்பதை இவ்வாறு முதலிலேயே வகுத்துக்கொள்ளாதவர், பின்னர் வரும் ஒவ்வொரு தேர்விலும் தடுமாறுவர்.

தேனி மாவட்டத்தில் இக்காப்புக்குத் தேவை உண்டா என ஐயுறுவார் போடிநாயக்கனூரைப் பார்க்கலாம். நறுமணப்பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னேலம் நடைபெறும் ஊர் அது. மேல்மலைத் தோட்டங்களின் விளைச்சல் கணக்கும், உழவர்களின் வங்கிக் கணக்கு எண்களும், வாங்குவோர் விற்போர் முகவரிகளும் அடங்கிய மடிக்கணினிகள் போடிமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் நாள்தோறும் மலையேறி இறங்குகின்றன. பேருந்தில் மறந்து வைக்கப்பட்ட ஒரு பை போதும், ஒரு வணிகரை நம்பிய அத்தனை பேரின் செய்திகளும் வெளிவந்துவிடும். பிறருடைய தரவைக் கையாள்வோர் தக்க காப்பு ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனியர் தரவுக் காப்புச் சட்டமும் கட்டளையிடுகிறது. மற்றொரு புறம், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கின் மாணவர் இல்லங்களுக்கு வந்து சேர்ந்த கணினிகள் பலவற்றில், சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடியாகக் கொண்டு உருவாக்கிய பாசு லினக்சு நிறுவப்பட்டிருந்தது. கட்டற்ற இயங்குதளம் இம்மண்ணுக்குப் புதிதன்று. அதன் காப்பு நுட்பமும் இங்குள்ளோர் கைக்கு எட்டாத ஒன்றன்று.

மறையாக்கத்தின் முதல் நெறியை 1883ஆம் ஆண்டில் வகுத்தவர் ஆகுசுட்டு கெர்க்கோப்சு. நெதர்லாந்தில் பிறந்து பிரான்சில் மொழிகள் கற்பித்த அவர், ஒரு மறைமுறையின் அமைப்பு முழுவதும் பகைவர் கையில் சிக்கினும், திறவி ஒன்று சிக்காதவரை அது நிலைத்து நிற்க வேண்டும் என்றார். இன்றைய வட்டு மறையாக்கம் இந்நெறியை முற்றும் தழுவியது. அதன் நடுவே இயங்கும் ஏஇஎசு என்னும் முறை, பெல்சிய அறிஞர்களான யோவான் டேமன், வின்சென்ட் ரேய்மன் இருவரும் வகுத்து, 2001இல் அமெரிக்க அரசு செந்தரமாக ஏற்றது; அதன் ஒவ்வோர் அடியும் உலகறிய அச்சிடப்பட்டுள்ளது. வட்டில் அதைப் பயன்படுத்தும்போது, ஒவ்வொரு வட்டுக்கட்டத்தின் இருப்பிட எண்ணும் கணக்கில் சேர்க்கப்படுவதால், ஒரே சொற்றொடரை வட்டின் இரண்டு இடங்களில் எழுதினாலும் இரண்டு இடத்திலும் வெவ்வேறு மறையுருவே பதியும். அமைப்பு வெளிப்படை, மறைவாக இருக்க வேண்டியது திறவி மட்டுமே. 256 பிட்டு நீளமுள்ள திறவி ஒன்று ஏற்கக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும்.

இத்தகைய திறவியை மனிதர் நினைவில் வைத்திருக்க இயலாது. மனிதர் நினைவில் வைக்கத்தக்க சொற்றொடரோ திறவியாகும் அளவுக்கு வலிமை உடையதன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான பள்ளத்துக்குப் பாலமிட்டதே இத்துறையின் தலைசிறந்த எண்ணம் என்பது என் துணிபு. 2004ஆம் ஆண்டில் கிறிசுடோப் சவுட் எழுதிய மறையாக்கக் கூறு லினக்சு உட்கருவில் இடம்பெற்றது. அதே காலத்தில் கிளெமென்சு புருவிர்த் என்பவர் அதன்மேல் திறவிகளை ஆளும் ஒழுங்கு ஒன்றை அமைத்தார். லக்சு என வழங்கும் அவ்வொழுங்கில் தரவை மறைக்கும் திறவி வேறு, மனிதர் தட்டச்சிடும் கடவுத்தொடர் வேறு. வட்டுப்பகுதியை முதன்முதலில் ஆயத்தம் செய்யும்போதே கணினி தற்செயல் எண்களால் ஒரு திறவியை உருவாக்கிக்கொள்கிறது. இதனைத் தாய்த்திறவி என்போம். தரவு முழுவதும் இத்தாய்த்திறவியால் மறைக்கப்படும். தாய்த்திறவியோ, வட்டுப்பகுதியின் முதலில் அமைந்த தலைப்பேட்டில், கடவுத்தொடரிலிருந்து பிழிந்தெடுத்த இன்னொரு திறவியால் மறைக்கப்பட்டு வைக்கப்படும். அவ்வாறு வைக்கும் இடமே திறவிமாடம். லக்சின் முதற்பதிப்பில் எட்டு மாடங்கள். 2017இன் இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பில் 32 வரை அமைக்கலாம். ஒவ்வொரு மாடத்திலும் இருப்பது அதே தாய்த்திறவிதான். மாடத்தை மூடியிருக்கும் கடவுத்தொடர்கள் மட்டுமே வேறுபடும். எனவே கடவுத்தொடரை மாற்ற விரும்புவார் பல நூறு கிகாபைட்டுத் தரவை மீண்டும் எழுத வேண்டியதில்லை. ஒரு மாடத்தை மட்டும் எழுதினால் போதும்.

கடவுத்தொடரிலிருந்து திறவியைப் பிழியும் பணி வேண்டுமென்றே மெதுவாக நடக்குமாறு செய்யப்பட்டுள்ளது. ஒவ்வொரு மாடத்துக்கும் தனித்தனியே தற்செயலாகத் தேர்ந்த உப்புக்கூறு ஒன்று கடவுத்தொடரோடு கலக்கப்படுகிறது. ஆகவே முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல்களால் பயனில்லை. பிறகு ஆர்கான்2 என்னும் பிழிவுமுறை, ஏறத்தாழ இரண்டு நொடி வேலையையும், ஒரு கிகாபைட்டு வரையிலான நினைவக இடத்தையும் கேட்கும். 2015ஆம் ஆண்டில் உலகளாவிய போட்டி ஒன்றில் வென்ற இம்முறையின் நோக்கம், உரியவர் ஒருமுறை காத்திருக்கும் இரண்டு நொடியை, ஊகித்துத் திறக்க முயல்வார் ஒவ்வொரு முயற்சிக்கும் செலுத்துமாறு செய்வதே. இதில் ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. பெருநினைவகம் உள்ள கணினியில் ஆயத்தம் செய்த வட்டை, நினைவகம் சிறுத்த பழைய மடிக்கணினிக்கு மாற்றினால், கடவுத்தொடர் சரியாக இருந்தும் மாடம் திறவாமல் போகலாம். பிழிவுக்கு வேண்டிய இடம் அங்கே இராது. பள்ளி நாளில் பெற்ற கணினியை இன்னும் பேணி வருவோர் வட்டை அந்தக் கணினியிலேயே ஆயத்தம் செய்தல் நன்று.

மாடத்தின் அமைப்பில் இன்னொரு நுட்பமும் சொல்லத் தக்கது. 64 பைட்டு நீளமுள்ள தாய்த்திறவி அப்படியே அதில் எழுதப்படுவதில்லை. 4,000 கூறுகளாக விரிக்கப்பட்டு 2,56,000 பைட்டாக எழுதப்படுகிறது. அவ்விரிவில் ஒரு சிறு பகுதி அழிந்தாலும் திறவியை மீட்க இயலாது. வட்டுகள் பழுதுற்ற கட்டங்களை ஒதுக்கிவிட்டு வேறிடத்தில் எழுதும் இயல்பு உடையவை. ஆதலால் அழித்துவிட்டோம் என எண்ணிய மாடத்தின் ஒரு துணுக்கு எங்கேனும் எஞ்சியிருக்கக்கூடும். அத்துணுக்கால் பயனில்லாமற் செய்வதற்கே இவ்விரிவு. இரண்டாம் பதிப்பின் தலைப்பேடு 16 மெகாபைட்டு இடத்தைப் பிடிப்பதும் பெரும்பாலும் இம்மாடங்களின் பொருட்டே.

இனிச் சிக்கலுக்கு வருவோம். ஒரு வட்டில் இயங்குதளத்துக்கு ஒரு பகுதி, இல்லக் கோப்புகளுக்கு ஒரு பகுதி, வணிகக் கணக்குக்கு ஒரு பகுதி என மூன்று இருக்குமாயின், தலைப்பேடுகள் மூன்று, தாய்த்திறவிகள் மூன்று. கணினியைத் தொடக்கும்போது எழும் வினாக்களும் மூன்று. கருந்திரையில் வெள்ளெழுத்தில் கேள்வி வரும். தட்டுவது ஒன்றும் திரையில் தெரியாது. இரண்டு நொடி அசைவின்றி நிற்கும். பிறகு அடுத்த பகுதிக்கான கேள்வி வரும். ஆடிக்காற்றில் மின்கம்பி அறுந்து ஒரே பிற்பகலில் மூன்று முறை மின்தடை நேரும் நாளில், கடையில் ஆள் நிற்க ஒன்பது முறை நீண்ட தொடரைத் தட்டுபவர் என்ன செய்வார்? தொடரைச் சுருக்குவார், அல்லது தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைப்பார். காப்பு மிகையாக வருத்தினால் மனிதர் அதனை வளைத்துவிடுவர். எனவே ஒரே கடவுத்தொடரால் மூன்றையும் திறக்கும் ஏற்பாட்டை வெறும் வசதி என ஒதுக்கலாகாது. நீண்ட கடவுத்தொடரை மனிதர் விடாமல் பேணுவதற்கு அதுவே துணை.

கம்பம் பள்ளத்தாக்கில் இவ்வமைப்பு வேறோர் உருவில் நூற்றாண்டுக்கு மேலாகக் கண்முன் உள்ளது. 1895இல் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர், தேக்கடியில் மலையைக் குடைந்த வழியே இப்பக்கம் இறங்குகிறது. தலைமதகை ஓரிடத்தில் திறக்கிறார்கள். உத்தமபாளையம் வட்டத்தில் 11,807 ஏக்கர், தேனி வட்டத்தில் 2,412 ஏக்கர், போடி வட்டத்தில் 488 ஏக்கர் என 14,707 ஏக்கர் இருபோக வயல்களுக்கும் அந்த ஒரு திறப்பே முதல். ஆனால் கால்வாய்தோறும் தனித்தனி மதகும் இருக்கத்தான் செய்கிறது. தலைமதகு ஒன்று என்பதால் கிளைமதகுகள் வேண்டாதவை ஆகிவிடவில்லை; ஒவ்வொன்றையும் வேண்டும்போது தனியே அடைக்கவும் திறக்கவும் முடிகிறது.

பல வட்டுப்பகுதிகளை ஒரு தொடரால் திறக்கும் வழிகளை நான்காக வகுக்கலாம். முதல் வழியில் கிளைமதகே இல்லை: வட்டு முழுவதையும் ஒரே மறைப்பகுதியாக்கி, அதன் உள்ளே ஏரணப் பகுப்பு முறையால் வேண்டிய அளவு உட்பகுதிகளை வகுப்பது. தலைப்பேடு ஒன்று, தாய்த்திறவி ஒன்று, கேள்வி ஒன்று. புதிதாக இயங்குதளம் நிறுவுவார்க்கு இதனினும் எளிய வழி இல்லை. டெபியனின் நிறுவல் நிரலே இதனை அமைத்துத் தரும். ஆயினும் இரண்டு தனி வட்டுகள் உடையவர்க்கும், ஏற்கனவே தனித்தனியாக மறைத்துவிட்டவர்க்கும் இது முழு விடையாகாது.

இரண்டாம் வழியில் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே கடவுத்தொடரை இட்டு, முதல் முறை தட்டியதைக் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்து அடுத்தவற்றிலும் முயன்று பார்க்கும். சிசுடம்-டி என்னும் தொடக்கல் மேலாளர், தட்டிய தொடரை உட்கருவின் திறவி வளையத்தில் இரண்டரை மணித்துளி வைத்திருந்து பிறகு அழித்துவிடும். கோப்பு ஏதும் எழுத வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் பிழிவு வேலை தனியே நடப்பதால் காத்திருப்பு மட்டும் குறையாது.

மூன்றாம் வழியே என் மதிப்பில் தனிப்பகுதிகள் உடையார்க்குச் சிறந்தது. முதற்பகுதியை மட்டும் கடவுத்தொடர் திறக்கும்; அதன் உள்ளே, தற்செயல் பைட்டுகளால் நிரம்பிய திறவிக் கோப்பு ஒன்று இருக்கும்; மற்ற பகுதிகளின் மாடம் ஒன்றை அக்கோப்பு திறக்கும். அணைந்த கணினியில் கோப்பு முதற்பகுதியின் மறைவுக்குள் கிடப்பதால் அயலார் அதனை எடுக்க இயலாது. கோப்பை ஆக்கியதும் முதன்மைப் பயனர் தவிர வேறெவரும் படிக்க இயலாதவாறு அதன் இசைவைச் சுருக்க வேண்டும். பின்னர் கிரிப்ட்டேப் என்னும் அட்டவணையில் பகுதிக்கு ஒரு வரி எழுத வேண்டும். வரிக்கு நான்கு இடங்கள். திறந்தபின் அப்பகுதி ஏற்கும் பெயர் முதலாவது. அதன் மாறா அடையாள எண் இரண்டாவது. திறவிக் கோப்பின் இருப்பிடம் மூன்றாவது. லக்சு முறை என்னும் குறிப்பும் பிற விருப்பங்களும் நான்காவது. முதற்பகுதியின் வரியில் மட்டும் மூன்றாம் இடத்தில் கோப்பு இல்லை என எழுதப்பட்டிருக்கும். கேள்வி பிறப்பது அங்கேதான். தற்செயல் பைட்டுகளை ஊகிக்க இயலாது ஆதலால் அக்கோப்புக்கான மாடத்தில் ஆர்கான்2 போன்ற கடும்பிழிவு வேண்டியதில்லை. எளிய பிழிவை அமைத்தால் காத்திருப்பும் நீங்கும்.

இவ்வழியில் இரண்டு பிழைகள் நேரலாம். கோப்பு இருக்கிறதே என்று மற்ற பகுதிகளிலிருந்து கடவுத்தொடர் மாடத்தை நீக்கிவிடுவது ஒன்று. அவ்வாறு செய்தபின் முதற்பகுதி பழுதுற்றால் கோப்பும் அதனோடு போய்விடும். நலமாக இருக்கும் கணக்குப் பகுதி எவராலும் திறக்க இயலாததாக நின்றுவிடும். இரண்டாவது பிழை இதனினும் பெரிது. தொடக்கலின்போது உட்கருவும் முன்தொடக்கத் தொகுதியும் பெரும்பாலான கணினிகளில் மறைக்கப்படாத சிறு பகுதி ஒன்றில் இருக்கும்; கேள்வி கேட்கும் நிரலே அங்கிருந்துதான் இயங்குகிறது. திறவிக் கோப்பை அத்தொகுதிக்குள் சேர்த்துவிட்டால், மறைத்த வட்டின் திறவியை வெளிப்படையாக வைத்ததாகும். செய்த காப்பு அனைத்தும் வீண்.

நான்காம் வழி, திறந்துவிட்ட முதற்பகுதியின் தாய்த்திறவியிலிருந்தே மற்றொன்றின் திறவியைப் பிழிந்தெடுப்பது. டெபியனில் இதற்கு நிரல் உண்டு. பெரிதும் பயன்படுவது இடமாற்றுப் பகுதிக்கு. நினைவகத்தில் இடம் போதாதபோது உட்கரு தன் பக்கங்களை ஒதுக்கிவைக்கும் அப்பகுதியை மறைக்காமல் விட்டால், திறந்திருந்த ஆவணங்களின் சுவடுகள் அங்கே தங்கிவிடும். ஒவ்வொரு தொடக்கத்திலும் புதுத் திறவி ஒன்றைத் தற்செயலாக ஆக்கி மறைத்துவிடுவது மிக எளிது. ஆனால் நினைவகத்தை வட்டில் எழுதிவைத்துத் துயிலும் நிலையிலிருந்து அப்போது மீள இயலாது, பழைய திறவி மறைந்துவிட்டிருக்கும். துயில்நிலை வேண்டுவோர்க்கே நான்காம் வழி. லக்சின் இரண்டாம் பதிப்பில் தாய்த்திறவி உட்கருவின் திறவி வளையத்துக்குள் வைக்கப்படுவதால் கூடுதல் ஏற்பாடு இன்றி இது இயங்குவதில்லை.

எவ்வழியைக் கொண்டாலும் முழு எடையையும் அந்த ஒரு கடவுத்தொடரே தாங்குகிறது. குறள் ஒன்றைக் கடவுத்தொடராக வைக்க எண்ணுவோர் உளர். குறட்பாக்கள் 1,330, முயற்சிக்கு இரண்டு நொடி என ஒரே கணினி வேலை செய்தாலும் முக்கால் மணி நேரத்துக்குள் அனைத்தும் முடிந்துவிடும். பலரும் அறிந்த தொடர் எதுவாயினும் இதே கணக்குத்தான். பகடையை ஐந்துமுறை உருட்டினால் 7,776 முடிவுகளில் ஒன்று வரும். அத்தனை தமிழ்ச் சொற்களை எண்ணிட்டு வரிசைப்படுத்திய பட்டியலிலிருந்து ஆறு சொற்களை இவ்வாறு தேர்ந்தால், வரக்கூடிய தொடர்களின் எண்ணிக்கை 24 இலக்கம். நூறு கோடிக் கணினிகள் இரண்டு நொடிக்கு ஒன்றாக முயன்றாலும் அனைத்தையும் பார்த்து முடிக்க ஒரு கோடி ஆண்டுக்கு மேலாகும். சொற்கள் எளியவையாக இருக்கலாம். தேர்வு மட்டும் நம் விருப்பத்துக்கு உட்படாததாக இருக்க வேண்டும்.

தொடக்கத் திரையில் தமிழ் உள்ளீட்டு நிரல் இன்னும் எழுந்திராது. விசைப்பலகை ஆங்கில அமைப்பிலேயே இருக்கும். அதனால் தமிழ்த் தொடர் இயலாது எனக் கொள்ள வேண்டியதில்லை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் பழகிய விரல்கள் இடத்தை நினைவில் கொண்டவை. ‘கம்பம்’ என்று தட்டும் விரல்கள் எச், கே, ஜே, கே, எஃப் ஆகிய விசைகளைத் தொடும்; மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும்போது புள்ளி தானே அமைவதால் ஐந்தே தட்டல்கள், ஐந்தும் நடுவரிசையில். கணினி பெறுவது ஆங்கில எழுத்துகள்; தட்டுபவர் நினைப்பது தமிழ். பகடையால் தேர்ந்த ஆறு தமிழ்ச் சொற்களை இவ்வாறு தட்டுவார்க்கு நினைவும் எளிது, தொடரும் வலிது. இத்தகைய நுட்பங்களைத் தமிழிலேயே விளக்கி, கட்டற்ற மென்பொருளுக்கென்றே 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ போன்ற இதழ் நம்மிடம் இருக்க, இத்துறையைத் தமிழில் பயில்வதற்குத் தடை ஏதும் இல்லை.

தலைப்பேட்டைப் பற்றி ஒன்று. தாய்த்திறவி வட்டில் வேறெங்கும் இல்லாததால், மாடங்கள் பழுதுற்றால் கடவுத்தொடரை அறிந்தவரும் தரவை மீட்க இயலாது. மூன்று பகுதிகளின் தலைப்பேடுகளையும் படியெடுத்தால் 48 மெகாபைட்டு. அதனைக் கணினிக்கு வெளியே, காப்பான வேறிடத்தில் வைத்தல் வேண்டும். ஆனால் படி எடுத்த நாளில் இருந்த கடவுத்தொடர் அந்தப் படிக்கு என்றும் செல்லும். பின்னர் தொடரை மாற்றினாலும், பழைய படியும் பழைய தொடரும் ஒருவர் கையில் சேர்ந்தால் தாய்த்திறவி அவருடையது. ஆகவே தொடரை மாற்றும்போதெல்லாம் புதுப் படி எடுத்துப் பழையதை அழிக்க வேண்டும். வெளிப்பட்டுவிட்டது என்னும் ஐயம் எழுந்தால் மாடத்தை மாற்றுவது போதாது. தாய்த்திறவியையே மாற்றி அப்பகுதி முழுவதையும் மீண்டும் மறையாக்க வேண்டும். லக்சின் இரண்டாம் பதிப்பு இவ்வேலையைக் கணினி பயனில் இருக்கும்போதே செய்ய இடம் தருகிறது. ஐயம் முதற்பகுதியைப் பற்றியதானால், அதனுள் இருந்த திறவிக் கோப்பும் வெளிப்பட்டதாகவே கொண்டு, மற்ற இரண்டு பகுதிகளுக்கும் அதே வேலையைச் செய்து, புதுக் கோப்பு ஒன்றை ஆக்கி வைக்க வேண்டும்.